வாக்கு எண்ணி எட்டாம் நாள்

ஏப்ரல் 26

இது என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முன்பாதியில் மகரந்தச் சேர்க்கையும் நெம்புகோலும் இருக்கின்றன. நவம்பரோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதால் பின்பாதி வெறுமையாகக் கிடந்தது. மூன்று வருஷம் கழித்து இன்று அதில் எழுதுகிறேன். ஏன் நிறுத்தினாய் என்று இங்கே எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடம் ரொம்பத் தூரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். தூரம்தான். மலைப்பாதையில் பஸ் முக்கால் மணி நேரம் எடுக்கும்.

நானும் அம்மாவும் மலையிலிருந்து இறங்கி திண்டுக்கல்லில் இந்தப் பெண்கள் இல்லத்துக்கு வந்து முப்பத்தைந்து நாள் ஆகிறது. எங்களோடு சேர்த்துப் பதினோரு பேர். காலையில் பீன்ஸ் நறுக்குவது என் வேலை. கடைப் பீன்ஸ் நார் நாராக வருகிறது. எங்கள் தோட்டத்துப் பீன்ஸை ஒடித்தால் அடுத்த வரப்புக்குச் சத்தம் கேட்கும்.

பக்கத்துக் கட்டில் கலாராணி அக்காவுக்கு நத்தம் பக்கம். புருஷன் தட்டிய இரண்டு பல் இருந்த இடத்தை எல்லோருக்கும் அவளே சிரித்துக் காட்டுவாள். இன்று என்னிடம், "ஏ புள்ள, வந்ததுல இருந்து ஏழு வார்த்தைதான் பேசியிருக்க. நான் எண்ணிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள்.

"எட்டு" என்றேன்.

மத்தியானம் வரைக்கும் அதையே எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஏப்ரல் 27

திங்கட்கிழமை என்பதால் அமலோற்பவம் மேடம் வந்தார். வீட்டில் அடிபடும் பெண்களுக்காக அரசாங்கம் வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலர் அவர். கோர்ட்டுக்கும் போலீசுக்கும் எங்களுக்கும் நடுவில் ஸ்கூட்டரில் ஓடிக்கொண்டே இருப்பார். மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் இங்கே வந்துதான் திறப்பார்.

கோர்ட் உத்தரவின் நகலைக் கொண்டுவந்திருந்தார். அம்மாவுக்குக் கூட்டெழுத்து படிக்க வராது. நான் படித்தேன். அப்பா எங்கள் அருகில் வரக்கூடாது. போன் செய்யக்கூடாது. தன்னிடம் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். கீழே ஸ்டேஷனின் பதில் ஒட்டியிருந்தது: "மேற்படி ஆயுதம் கடந்த மார்ச் 20 அன்றே இந்நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, இருப்பில் உள்ளது."

துப்பாக்கிக்காகத்தான் கோர்ட்டில் மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது என்றார் மேடம். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டேஷன்ல பத்திரமா இருக்கு தவமணி. இனி அதைப் பத்தி நினைக்காதீங்க" என்றார்.

அடுத்த விசாரணையில் அப்பாவின் வக்கீல், பிப்ரவரியில் நடந்தது விபத்து என்று சொல்வாராம். அது விபத்தா, வேண்டுமென்றே செய்ததா என்று மேடம் மறுபடி கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியலையே மேடம்" என்றாள். போன தடவையும் அதையேதான் சொன்னாள்.

ஏப்ரல் 29

துவைக்கிற முறை எங்களுடையது. பதினோரு போர்வை. கை தோல் உரிந்துவிட்டது.

ஏப்ரல் 30

அப்பாவைப் பற்றித் தப்பாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. அந்தத் துப்பாக்கி தாத்தா காலத்து லைசென்ஸ். காட்டுப்பன்றியிடமிருந்து தோட்டத்தைக் காப்பாற்ற எங்கள் மலையில் பத்துப் பதினைந்து பேரிடம் இருக்கிறது. குழல் வாய் வழியாகக் கருமருந்தும் ஈய ரவையும் போட்டுக் கம்பியால் குத்திக் கெட்டிக்க வேண்டும். என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு அப்பா காப்பித் தோட்டத்தைச் சுற்றி வருவார். ஒரு தோளில் துப்பாக்கி, இன்னொரு தோளில் நான். எதிரே வருகிறவர்களிடம், "ரெண்டும் வெயிட்டுதான், ஒண்ணு மட்டும்தான் சத்தம் போடும்" என்பார். சத்தம் போடாதது நான்.

சாப்பிட்ட பிறகு கட்டிலில் உட்கார்ந்து அதைத் துடைப்பார். தேங்காய் எண்ணெய் தொட்டு, மெதுவாக, கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் துடைப்பார். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அப்பா கவனிக்க மாட்டார். எங்கள் வீடு சின்னது, எந்தப் பக்கம் திருப்பினாலும் யாராவது இருப்பார்கள். அம்மாவுக்கு அதைக் கண்டால் பயம் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

மே 1

டிவியில் நாள் முழுக்கத் தேர்தல் பேச்சு. திங்கட்கிழமை வாக்கு எண்ணுகிறார்கள். "எண்ணுனா எனக்கென்ன பல்லா முளைக்கப் போகுது" என்று கலாராணி அக்கா சேனலை மாற்றினாள். எனக்கு அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை.

எனக்குத் தேர்தல் பிடிக்கும். தேதி அறிவித்த உடனே ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்புவார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வர வேண்டும். முடிவு வரும் வரைக்கும் அது அங்கேதான் இருக்கும். ஊராட்சித் தேர்தலுக்கு, சட்டமன்றத்துக்கு, பாராளுமன்றத்துக்கு, எல்லாவற்றுக்கும் இதே நடைமுறை.

நான் முதல் தேர்தல் என்று நினைவு வைத்திருப்பது எனக்கு ஐந்து வயதில் வந்தது. அம்மா அடுப்படிக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள். பணியாரம் சுட்டாள். சட்டியில் மாவு ஊற்றும்போது அவள் பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பத்து வயதில் வந்த தேர்தலில் பன்றியை விரட்ட ஆளுக்கொரு தகர டப்பா எடுத்துக்கொண்டோம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் மூன்று பேரும் வரப்பில் நின்று அடித்தோம். அப்பா தாளம் தவறி அடித்தார். "இதக் கேட்டா பன்னி ஓடாது, பந்திக்குத்தான் வரும்" என்று அம்மா சொன்னாள். அப்பா கோபிக்கவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஓட்டுப்போட்டுவிட்டு மை வைத்த இரண்டு விரலையும் ஒன்றாக நீட்டி என்னிடம் காட்டினார்கள். எந்த விரல் அழகு என்று நான் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் அப்பா வயது குறைந்தவராகத் தெரிவார். மற்ற பிள்ளைகள் தீபாவளிக்கு நாள் எண்ணும்போது நான் அடுத்த தேர்தல் எப்போது என்று சமூக அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நானாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

மே 4

வாக்கு எண்ணிக்கை. வெடிச்சத்தம். மேடத்துக்கு எண்ணிக்கை மையத்தில் வேலை போட்டுவிட்டார்களாம், இந்த வாரம் வரவில்லை. எனக்கு வயிற்றுவலி, சாப்பிடவில்லை.

மே 5

வயிற்றுவலி எதனால் என்று தெரிந்துவிட்டது.

வாக்கு எண்ணி எட்டாம் நாள் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அப்பா என்னைத்தான் கூட்டிப்போவார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். எல்லா ஊர்க்காரர்களும் ஸ்டேஷன் முன்னால் வரிசையில் நிற்பார்கள். ரைட்டர் ஒரு நீளமான பதிவேட்டைப் பிரித்து, பெயரைப் படித்து, சீட்டை வாங்கிக்கொண்டு, அட்டை கட்டிய துப்பாக்கியை எடுத்துக் கொடுப்பார். வேறு எதையும் பார்க்க மாட்டார். ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. எனக்கு பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் கிடைக்கும். திரும்பி வரும்போது துப்பாக்கியை நாங்கள் இருவரும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொள்வோம்.

அப்பா மார்ச் 20 அன்று அதை ஒப்படைத்தார். கோர்ட் உத்தரவு வந்தது ஏப்ரல் 10. கோர்ட் சொல்லி அப்பா கொடுக்கவில்லை. தேர்தலுக்குக் கொடுத்ததைத்தான் ஸ்டேஷனில் இருக்கிறது என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மேடம் நம்பிவிட்டார், அம்மாவும் நம்பிவிட்டாள். அவர்கள் அந்த வரிசையில் நின்றதில்லை.

எட்டாம் நாள் மே 11.

மே 7

அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். கோர்ட்டே சொல்லிவிட்டது, இனி எப்படித் திருப்பிக் கொடுப்பார்கள் என்றாள். அந்தப் பதிவேட்டைப் பற்றி விளக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் எதையும் சொன்னதில்லை.

கீரையைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவான குரலில் சொன்னாள். "நாமளாப் போயி கிண்டிவிட வேணாம்டி. உங்கப்பா மறந்து கெடந்தாலும் கெடப்பாரு. போலீசு போயி நின்னா ஞாபகம் வந்துரும்."

அவளுக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு அது. அவள் எதையும் மறந்து கிடக்கிறவள் இல்லை. பிப்ரவரியிலிருந்தே எங்கள் துணிகளை அரிசிப் பானைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்தாள். தேர்தல் தேதி அறிவித்தார்கள். மார்ச் 20 அன்று அப்பா துப்பாக்கியோடு பஸ் ஏறிச் சீட்டோடு திரும்பி வந்தார். 22 அன்று காலை முதல் பஸ்ஸில் நாங்கள் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றையும் அம்மா விரலில் எண்ணிக்கொண்டு வந்தாள்.

மே 8

எதற்காக பிப்ரவரியிலிருந்து என்று எழுதவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் ஒன்று உண்டு. பிப்ரவரி மாதம் அதில் ஏழு ஓட்டை விழுந்தது. துணி சோப்பைப் பிசைந்து நான் அடைத்தேன். ஆறு நின்றது, ஒன்று மட்டும் ஒழுகிக்கொண்டே இருந்தது.

டிரம்முக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று பேச்சு ஆரம்பித்தது. அப்பா துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது வெடித்தது. கெட்டித்திருந்தது மறந்துபோச்சு என்று பிறகு சொன்னார். கை நடுங்கிக்கொண்டே அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். அதனால் அது விபத்துதான் என்று நினைக்கிறேன். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள். ஆனால் மறுநாளே துணி மடிக்க ஆரம்பித்தாள்.

நான் உள்ளேதான் இருந்தேன். மூன்று வருஷமாக நான் வீட்டைவிட்டு எங்கும் போவதில்லை. நான் இருக்கும்போது ஒன்றும் ஆகாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

மே 9

வார்டனிடம் போன் கேட்கலாம் என்று அவர் அறை வாசல் வரை போனேன். என்னம்மா என்றார். விளக்குமாறு வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, கூட்டிய முற்றத்தையே மறுபடி கூட்டினேன்.

மே 10

ஒரு தாளில் எழுதினேன், கிழித்துவிட்டேன். தோட்டத்தில் இப்போது சேனைக்கிழங்கு முளைத்திருக்கும். பன்றிகள் குட்டிகளோடு வரும் மாதம். அப்பா ஒற்றை ஆளாகத் தகர டப்பா அடித்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தாளம் வராது.

மறுபடி எழுதினேன். நான்கு வரி.

மே 11

மேடம் காலை பதினொன்றரைக்கு வந்தார். அம்மாவோடு பேசினார். நான் தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு தூணருகில் நின்றேன். அவர் கிளம்பி ஹெல்மெட் மாட்டிய பிறகுதான் என்னால் நீட்ட முடிந்தது. ஹெல்மெட்டோடே படித்தார், அப்படியே போன் செய்தார்.

ஸ்டேஷனில் தேர்தலுக்கு வாங்கிய துப்பாக்கிகளுக்கு ஒரு பதிவேடு, கோர்ட் உத்தரவுகளுக்கு ஒரு கோப்பு. இரண்டும் வேறு வேறு பீரோவில் இருக்கின்றன. ரைட்டர் காலையில் வரிசையாகப் பெயர் படித்திருக்கிறார். "பத்து மணிக்கே வாங்கிட்டுப் போயிட்டாரே மேடம். சீட்டு கரெக்டா இருந்துச்சே" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். நேற்றே வார்டனிடம் சொல்லியிருக்கலாம். அதற்கு முந்தின நாளும்.

மே 12

போலீஸ் இரண்டு முறை வீட்டைத் தேடியிருக்கிறார்கள். நெல் குதிர், பரண், காப்பிக் கொட்டை மூட்டை எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, கிடைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டேன், எவனோ எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று அப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். மேடம் நம்பவில்லை. "தொலைஞ்ச துப்பாக்கிதான் எனக்கு ரொம்ப பயம். அது யார் கணக்குலயும் இருக்காது" என்றார். வார்டன் வெளிக் கேட்டைப் பகலிலும் பூட்டிவிட்டார். கலாராணி அக்கா தன் கட்டிலை இழுத்துக் கதவோரம் போட்டுக்கொண்டு, காற்று வேண்டும் என்றாள். அங்கே காற்று வராது.

வேறு எங்காவது வைக்கிற வழக்கம் உண்டா என்று மேடம் கேட்டார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

எனக்குத் தெரியும். பதினொரு வயதில் அப்பா காட்டினார். வேட்டையாடுகிறவர்களைத் தேடி வனத்துறை ஆட்கள் வீடு வீடாக வந்த சமயம் அது. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். ஊற்றிலிருந்து எங்கள் தொட்டிக்கு மூன்று பிவிசி குழாய்கள் தரையோடு வருகின்றன. அவற்றோடு சேர்ந்து நான்காவது ஒன்று கிடக்கும். அது ஊற்றுக்கும் போகாது, தொட்டிக்கும் வராது. இரண்டு பக்கமும் மூடி. யார் பார்த்தாலும் தண்ணீர்க் குழாய் என்றுதான் நினைப்பார்கள். "ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் பாப்பா. அம்மாளுக்குக்கூடச் சொல்லப்படாது. நீ வாயத் தொறக்க மாட்டேன்னுதான் காட்டுறேன்" என்றார்.

எனக்கு அன்று பெருமையாக இருந்தது. வகுப்பில் யாருக்கும் இப்படி ஓர் அப்பா இல்லை என்று நினைத்தேன். அந்த மாதம் அம்மாவிடம் துப்பாக்கியை வனத்துறைக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள் என்று அப்பா சொன்னார். அம்மா அடுப்படிக் கதவைத் திறந்து வைத்தாள், பணியாரம் சுட்டாள். நான் சாப்பிட்டேன். பன்னிரண்டு பணியாரம் சாப்பிட்டேன், எதுவும் சொல்லாமல்.

எழுதி முடித்ததும் இந்தப் பக்கத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். நோட்டை மூடி என் கையில் வைத்துவிட்டு, "மேடத்துக்குப் போன் போடச் சொல்லு" என்றாள்.

மே 13

மேடம், ஒரு பெண் போலீஸ், எஸ்.ஐ., நான். அம்மா வரவில்லை. நீ வர வேண்டாம், இடத்தை வரைந்து கொடு போதும் என்று மேடம் சொன்னார். சரிவில் குழாய்கள் பல இடத்தில் பிரிகின்றன. தேடித் திரிவதைப் பார்த்தால் அப்பா முந்திக்கொள்வார். அதனால் நான்தான் வர வேண்டும் என்றேன். எனக்கு ஜீப்பில் வாந்தி வந்தது. வளைவில் நிறுத்தி முகம் கழுவிக்கொண்டேன். காப்பிச் செடிகள் பூத்து முடிந்திருந்தன. இந்த வருஷம் அந்த வாசனையைத் தவறவிட்டுவிட்டேன்.

அப்பா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேடத்துக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். தோட்டத்துக் காப்பி குடியுங்கள் என்றார். போலீசார் மூன்றாவது முறையாக வந்திருப்பதைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லாதது போல இருந்தது. எஸ்.ஐ. துப்பாக்கி எங்கே என்றார். பஸ்ஸில் தொலைந்த கதையை அப்பா முதலிலிருந்து சொன்னார். எந்த சீட், பக்கத்தில் யார், எந்த ஊரில் கண் விழித்தார் என்பது வரை இருந்தது. கேட்டால் எனக்கே நம்பத் தோன்றும்.

"உங்க பொண்ணு வேற மாதிரி சொல்லுது" என்றார் மேடம்.

அப்பா சிரித்தார். "எம் மகளா? மேடம், இவ பொறந்தப்ப அழவே நர்சு ரெண்டு தட்டு தட்ட வேண்டியதாப் போச்சு. இவ வாயத் தொறந்து சொன்னா நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் அப்படியே இறங்கிவிட்டது. தோளில் தூக்கி வைத்திருந்த நாட்களில் பேசிய குரல். "பாப்பா, அப்பாகிட்ட துப்பாக்கி இருக்கா? நீயே சொல்லிரு."

அவர் என்னைத்தான் நம்பியிருந்தார். போலீசையோ கதையையோ இல்லை. பதினேழு வருஷமாக நான் யார் முன்னாலும் பேசியதில்லை என்பதை நம்பியிருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம், நான் பேசாமல் நின்றால் எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்கள், அப்பா எனக்கு மிளகுச் சாறு வைத்துக் கொடுப்பார் என்று தோன்றியது. அது எனக்கு வேண்டியும் இருந்தது.

"இருக்குப்பா" என்றேன். "தண்ணி வராத குழாய்ல."

அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. சரிவில் இறங்கினேன். பின்னால் பூட்ஸ் சத்தம் வந்தது. மூன்று குழாய்களும் ஈரமாக, கை வைத்தால் உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி இருந்தன. நான்காவது வெயிலில் சூடேறிக் கிடந்தது. மூடி இறுகியிருந்தது, பெண் போலீஸ் பிடித்துக்கொள்ள நான் திருகினேன். உள்ளே சாக்குச் சுற்றி, எண்ணெய் தடவி, ஸ்டேஷன் அட்டைகூட அவிழ்க்காமல் இருந்தது. எஸ்.ஐ. கம்பியை விட்டு அளந்து பார்த்தார். கெட்டித்திருந்தது. நேற்று முன்தினம்தான் வாங்கி வந்த துப்பாக்கி.

அதற்குள் அப்பா பக்கத்தில் வந்துவிட்டார். போலீஸ் தடுக்கப் பார்த்தது. அவர் என் கையைத்தான் பிடித்தார், துண்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டார். விரல் விரலாகத் துடைத்தார். ஏதோ சொன்னார். சரியாகக் கேட்கவில்லை.

எஸ்.ஐ. அங்கேயே ஒரு பாறையில் தாளை வைத்துக் கைப்பற்றியதற்கு எழுதினார். தேர்தல் கணக்கு இல்லை, கோர்ட் உத்தரவுப்படி என்று பெரிய எழுத்தில் எழுதும்படி மேடம் பக்கத்தில் நின்று சொன்னார். அப்பாவை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். எங்களுக்கு மேடம் வேறு வண்டி பிடித்தார். கிளம்பும்போது மிளகு வாசலில் கிடந்தது. மழை வரும் போல இருந்தது. நான் இறங்கி ஓடி, அதைக் கூட்டி அள்ளி உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

மே 14

அப்பா என்ன சொன்னார் என்று அம்மா கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

மே 16

நாள் முழுக்கத் தூங்கினேன். கலாராணி அக்கா என் முறைப் பீன்ஸையும் நறுக்கிவிட்டாள். நார் எடுக்கவில்லை.

மே 18

திங்கட்கிழமை. லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி மேலே எழுதியாகிவிட்டதாக மேடம் சொன்னார். ஸ்டேஷனில் அவரே உட்கார்ந்து, நீளமான பதிவேட்டில் அப்பா பெயருக்கு நேரே சிவப்பு மையில் கோர்ட் எண்ணை எழுத வைத்தாராம். மற்ற ஊர்ப் பெயர்களையும் பார்த்திருக்கிறார். இன்னும் இரண்டு பெண்களின் வழக்கில் இதே மாதிரி துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. இன்று சாயங்காலம் அங்கே போகிறார்.

விசாரணைக்கு என் வாக்குமூலம் வேண்டும் என்றார். குழாயைப் பற்றி, மூடியைப் பற்றி, கெட்டித்திருந்ததைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதினார். பிப்ரவரி மாதம் நடந்ததை விபத்து என்றுதான் அந்தப் பக்கம் இன்னும் சொல்கிறார்களாம். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை, இருந்தாலும் பார்க்கலாம் என்று பேனாவை மூடினார். அம்மா பக்கத்தில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது என்றேன்.

பதின்மூன்றாம் தேதி அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஐந்து நாளாக அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். என் விரலைத் துடைத்துக்கொண்டே, பாசமாகத்தான், குரலில் அழுகைகூட இருந்தது, அப்பா சொன்னார்:

"உங்கம்மாளுக்குத்தானடா பயங் காட்டுனேன். ஒனக்கு என்னைக்காச்சும் காட்டியிருக்கேனா பாப்பா?"

மேடம் பேனாவைத் திறந்தார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதி, படித்துக் காட்டி, என் முன்னால் வைத்தார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேடம் போன பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை.

"தெரியாமச் செய்றாருன்னுதான்டி இத்தன வருஷமும் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள்.

"நானுந்தாம்மா" என்றேன்.